குறைந்த செலவில் கயாக் தூண்டில்கோல்

கயாக்கில் அமர்ந்து மீன் பிடிப்பவருக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே அதிக உயரம் இல்லை. கால்களை முன்னால் நீட்டி, மார்பில் லைஃப் ஜாக்கெட் கட்டி, மடியில் துடுப்பைக் கிடத்தியபடிதான் அவர் தூண்டில் வீச வேண்டும். கடையில் விற்கும் கோல்களில் பெரும்பாலானவை கரையிலோ பெரிய படகின் தளத்திலோ நின்று பிடிப்பவருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் நீண்ட அடிப்பிடி லைஃப் ஜாக்கெட்டில் சிக்கும். விறைப்பான நுனி, படகோரம் வந்த மீனைத் தூக்கும்போது முறியும். கை தவறினால் கோல் ரீலோடு நீருக்கடியில் போய்விடும். இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கவே ஃப்ளோரிடா, டெக்சஸ், கலிஃபோர்னியா கரைகளில் கயாக்கில் போகிறவர்களில் பலர் தங்கள் கோலைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வேலையில் செலவைக் குறைப்பதும் பொருத்தத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன. கயாக்குக்கு வேண்டியது கண்ணாடியிழைத் தண்டு, குட்டையான பிடி, அலங்காரம் இல்லாத கட்டு. மூன்றுமே விலை குறைந்தவை. எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் பாதி.

படகு கேட்பவை

மேலே அமர்ந்து ஓட்டும் கயாக்கை 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபூவில் டிம் நீமியர் வடிவமைத்தார். பழைய கயாக்கில் இருப்பதுபோல் கால் நுழைத்து உட்காரும் குழி இதில் இல்லை. தளத்தில் ஏறும் நீர் துளைகளின் வழியே தானாக வடிந்துவிடும். கட்டுமரத்தில் போகிறவருக்குப் பழக்கமான ஈரம் இதிலும் உண்டு. கடலில் இறங்கினால் கோலும் ரீலும் நாள் முழுக்க உப்புநீரில் நனைந்துகொண்டே இருக்கும்.

கோலின் நீளத்தை முடிவு செய்வது படகின் முன்முனையான அணியம். தூண்டிலில் மாட்டிய மீன் அணியத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடும்போது, பிடிப்பவர் எழுந்து நடந்து பின்தொடர முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, கோலின் நுனியை அணியத்துக்கு அப்பால் சுழற்றிக் கொண்டுபோக வேண்டும். 6 அடிக் கோல் இதற்குப் போதாது. 8 அடி இருந்தால் மீனைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவருவது கடினம். பெரும்பாலோருக்கு 7 அடி, அதாவது சுமார் 213 செ.மீ., ஒத்துவருகிறது.

அடிப்பிடி ரீலின் காம்பிலிருந்து 20 முதல் 25 செ.மீ. இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் ஒவ்வொரு வீச்சிலும் லைஃப் ஜாக்கெட்டின் பையிலோ பட்டையிலோ மாட்டும். அதே சமயம் படகில் பதித்திருக்கும் கோல்தாங்கிக் குழாய்க்குள் நழுவாமல் நிற்கும் அளவுக்கு நீளமும், எளிதில் நுழையும் அளவுக்கு ஒடுக்கமும் வேண்டும். வாங்கும் முன் தாங்கியின் உள்விட்டத்தை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, வலு. பெரிய படகு அசையாமல் நிற்க, மீனின் இழுப்பு முழுவதையும் கோலும் ரீலும் தாங்குகின்றன. கயாக் அப்படியல்ல, மீன் இழுத்தால் படகே திரும்பி அதன் பின்னால் போகும். அந்த நகர்வே இழுப்பின் வேகத்தைப் பெருமளவு தணித்துவிடுகிறது. எனவே கரையிலிருந்து பிடிக்கத் தேவைப்படுவதைவிட ஒரு படி மெல்லிய கோல் இங்கே போதும். மாங்குரோவ் வேர்களுக்கிடையிலோ, கலிஃபோர்னியாவின் லா ஹோயாவுக்கு வெளியே கெல்ப் பாசிக் காடுகளின் ஓரத்திலோ பிடிப்பவருக்கு இது பொருந்தாது. அங்கே மீனைத் தொடக்கத்திலேயே தடுத்து நிறுத்த வலுவான கோல் வேண்டும்.

தண்டு

வளையமும் பிடியும் பொருத்தாத வெறும் தண்டைக் கோல் கட்டுவோர் பிளாங்க் என்கிறார்கள். இன்று அது கண்ணாடியிழையிலோ, கார்பன் இழையிலோ, இரண்டும் கலந்தோ வருகிறது. ஆர்தர் ஹோவால்டு வகுத்த முறையில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1940-களில் கண்ணாடியிழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1970-களில் ஃபென்விக் நிறுவனத்தின் கார்பன் இழைக் கோல்கள் வந்த பிறகு கண்ணாடியிழை பழைய சரக்காகிவிட்டது. எடையில் குறைந்தது, மீன் மெல்லக் கடிப்பதையும் கைக்கு உணர்த்துவது என்று கார்பனுக்கு உண்மையான நன்மைகள் உண்டு. ஆனால் அது அடி பொறுக்காது. படகின் விளிம்பில் ஒருமுறை இடித்தால் மேற்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த பெரிய மீனில் அதே இடத்தில் முறியும்.

கயாக்கில் கோல் முறிவதற்கு முக்கியக் காரணம் வேறொன்று. களைத்த மீன் படகுக்கு நேர் அடியில் வந்து நிற்கும். உட்கார்ந்திருப்பவர் அதை மேலே கொண்டுவரக் கோலைத் தலைக்கு மேல் நிமிர்த்துவார். கோல் முன்பக்கம் சாய்ந்திருக்கும்வரை பளு நுனியிலிருந்து தண்டின் தடித்த பகுதிக்கு இறங்கும். கோல் செங்குத்தைத் தாண்டிப் பின்னால் சாய்ந்ததும் நுனியின் கடைசி ஒரு சாண் மட்டுமே முழு எடையையும் சுமக்கும். கார்பன் நுனி அந்த இடத்தில் படாரென்று உடையும். கண்ணாடியிழை இன்னும் கொஞ்சம் வளைந்து தப்பிக்கும். எடை கூடுதல் என்பதைத் தவிர, விலை மலிந்த பொருளே இங்கே தகுந்த பொருளாகவும் அமைகிறது.

புதுத் தண்டு வாங்குபவர் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாதிரிகளையும், பூச்சில் சிறு குறை உள்ள இரண்டாந்தரத் தண்டுகளையும் தேடலாம். அதைவிட மலிவான வழி பழைய கோல். அமெரிக்க வீட்டு வாசல்களில் வார இறுதியில் நடக்கும் பழைய சாமான் விற்பனைகளில் கண்ணாடியிழைக் கோல்கள் அற்ப விலைக்குக் கிடைக்கும். 1976-இல் வந்த ஷேக்ஸ்பியரின் அக்லி ஸ்டிக் இவற்றில் அடிக்கடி கண்ணில் படும் கலப்பு இழைக் கோல்.

பழைய கோலை வாங்குமுன் தண்டை முழுக்க விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெண்மையான கீற்று இருந்தால் அங்கே இழை நசுங்கியிருக்கிறது; அந்தக் கோல் ஆகாது. இரண்டு துண்டுக் கோல் என்றால் இணைப்பில் நீளவாட்டு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நுனியைத் தரையில் ஊன்றாமல் கையால் பிடித்து வளைக்க வேண்டும். சடசடவென்று சத்தம் வந்தால் விட்டுவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இரு சம துண்டுகளாலான 8 அடிக் கோல் ஒன்றை 7 அடியாக மாற்றலாம். பழைய கட்டுகளை முடி உலர்த்தியின் சூட்டில் இளக்கி, கத்தியை வளையத்தின் பாதத்தின் மேல் மட்டும் ஓட்டி நூலை உரிக்க வேண்டும். கத்தி தண்டைத் தொட்டால் அந்தக் கீறலே பின்னால் முறிவாகும். 1 அடியை அடிப்பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். நுனியில் வெட்டினால் தண்டு விறைத்துப்போய் வீச்சு கெடும். அடியில் வெட்டினால் நுனியின் குணம் மாறாது. வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, முக்கோண அரத்தால் சுற்றிச் சுற்றி அறுத்தால் இழை பிளக்காது. இழைத்தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகமூடி கட்டாயம். இப்படி வெட்டியபின் 4 அடியும் 3 அடியுமாக இரண்டு துண்டுகள் கிடைக்கும். அலையைக் கடந்து இறங்கவேண்டிய கரைகளில் இவற்றைப் படகின் உடலுக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம்.

முதுகும் வலுவும்

இழைத் துணியைக் கம்பியில் சுற்றிச் செய்வதால் தண்டு எல்லாப் பக்கமும் ஒரே அளவு வளையாது. அடியைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு உள்ளங்கையில் தாங்கி, மறுகையால் நடுவில் அழுத்தினால் தண்டு தானே உருண்டு ஒரு நிலையில் நிற்கும். அப்போது வளைவின் வெளிப்புறமாக நிற்கும் பக்கம்தான் அதன் முதுகு. வளையங்களை முதுகை ஒட்டி வைப்பதா, தண்டு நேராகத் தெரியும் பக்கத்தில் வைப்பதா என்பதில் கட்டுபவர்கள் இரு அணி. லேசாகக் கோணிய மலிவுத் தண்டுகளில் நேராகத் தெரியும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு உதவுகிறது.

பெயர்ச்சீட்டு இல்லாத பழைய தண்டின் வலுவை அறிய வில்லியம் ஹானமன் வகுத்த காசுமுறை இருக்கிறது. தண்டின் அடியைக் கிடைமட்டமாக இறுக்கிக் கட்டி, நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, நுனி கோல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை அதில் அமெரிக்க 1 சென்ட் நாணயங்களைப் போட வேண்டும். நாணயங்களின் எண்ணிக்கையை வைத்து இரண்டு கோல்களை ஒப்பிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 1982-இல் செப்பு நாணயம் நின்று துத்தநாக நாணயம் வந்தது. பழையது 3.11 கிராம், புதியது 2.5 கிராம். இரண்டையும் கலந்து போட்டால் கணக்கு பிசகும்.

பிடியும் மிதவையும்

பிடிக்குத் தக்கையைவிட ஈ.வி.ஏ. ஃபோம் மலிவு, ஈரத்தில் உதிராது. துளையைத் தண்டைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுகலாக வைத்து, பசை தடவி இழுத்து ஏற்றினால் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். துளையைப் பெரிதாக்கக் கடையில் தனி அரம் விற்கிறது. உடைந்த கோலின் நுனித்துண்டில் சொரசொரப்பான உப்புத்தாளைச் சுருளாகச் சுற்றி ஒட்டினால் அதே வேலையைச் செய்யும். அந்தத் துண்டும் தண்டைப்போலவே கூம்பி வருவதால் துளையும் தண்டின் வடிவத்துக்கே அமைகிறது.

ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டின் உள்விட்டம் தண்டைவிடப் பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்ப மாஸ்கிங் டேப் சுற்றுவது பரவலான வழக்கம். நன்னீரில் அது தாக்குப்பிடிக்கும். கயாக்கில் நீர் உள்ளே இறங்கிக் காகிதம் ஊறிப்போய், ஓராண்டுக்குள் ரீல் சீட் ஆடத் தொடங்கும். சுவர்ப் பலகைகளின் இணைப்பில் ஒட்டும் கண்ணாடியிழை வலைப்பட்டையும் கிட்டத்தட்ட அதே விலைதான். அதைச் சுற்றி எப்பாக்சியால் நிறைத்தால் பசை வலைக்கண்களுக்குள் புகுந்து ஒரே கட்டியாக இறுகும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்சியை இங்கே தவிர்க்க வேண்டும். மெல்ல இறுகும் வகைதான் நீரைத் தாங்கும். ரீல் சீட்டும் உலோகத்தில் வேண்டாம். கார்பன் தண்டும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலம்போல் வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். நைலான் கலவையில் செய்த மலிவான சீட்டே நெடுநாள் உழைக்கும்.

கோல் மிதக்குமா என்பதை ஊகித்து விடக்கூடாது. எடை போட்டுப் பார்க்க வேண்டும். கோலை ரீலோடு ஒரு தராசில் தொங்கவிட்டு, ரீலும் பிடியும் நீரில் முங்கும்படி வாளியில் இறக்கினால் நீருக்குள் அதன் எடை தெரியும். அது 270 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிடிக்கான ஃபோம் ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.15 கிராம் என்றால், ஒவ்வொரு கன செ.மீ.யும் 0.85 கிராமைத் தூக்கும். அப்படியானால் கூடுதலாகச் சுமார் 320 கன செ.மீ. ஃபோம் வேண்டும். வெளிவிட்டம் 38 மி.மீ., துளை 12 மி.மீ. உள்ள ஃபோம் குழாயில் அது 31 செ.மீ. நீளம் ஆகிறது. 35 செ.மீ. வைத்தால் சற்று மிச்சமும் இருக்கும். அவ்வளவு தடித்த பிடி பல தாங்கிகளில் நுழையாது என்பதால் பெரும்பகுதியை ரீலுக்கு முன்னால் வைத்து, அடிப்பிடியை ஒடுக்கமாக விட வேண்டும்.

முன்பிடி அவ்வளவு நீளுவதை விரும்பாதவருக்கு வேறு வழி உண்டு. நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் ஃபோம் குழாய் இன்னும் லேசானது. அதில் 10 முதல் 12 செ.மீ. துண்டு வெட்டி, நீளவாட்டில் பிளந்து தண்டில் மாட்டினால் அதே 270 கிராமைத் தாங்கும். அலையைக் கடக்கும்போது மாட்டி, மீன் பிடிக்கும்போது கழற்றிவிடலாம். எந்த வழியானாலும் அடிப்பிடியின் முனையில் பாதுகாப்புக் கயிறு கோக்க ஒரு கண்ணியை நூலால் கட்டி எப்பாக்சி பூசிவிடுவது நல்ல பழக்கம்.

வளையங்கள்

நரம்பு ஓடும் வளையங்கள் கோலின் நீளத்தை அடியில் சொன்னால் வரும் எண்ணுக்கு ஒன்று கூடுதல் என்பது பழைய கணக்கு. 7 அடிக் கோலுக்கு நுனி வளையம் நீங்கலாக 7 அல்லது 8 போதும். துருப்பிடிக்காத எஃகுச் சட்டத்தில் அலுமினியம் ஆக்சைடு உள்வளையம் உள்ளவை நியாயமான விலையில் கிடைக்கின்றன. சிலிக்கான் கார்பைடு இன்னும் வழவழப்பானது, விலையும் பல மடங்கு. கயாக் கோலுக்கு அது தேவையில்லை. ஆனால் உள்வளையமே இல்லாத மலிவு வளையங்களை வாங்கக்கூடாது. பின்னல் நரம்பு அவற்றில் பள்ளம் அறுக்கும். பிறகு அந்தப் பள்ளம் நரம்பை அறுக்கும். சட்டம் உயரம் குறைந்ததாக இருந்தால் துடுப்பிலும் வலையிலும் மாட்டாது.

வளையங்களின் இடத்தை அட்டவணை பார்த்து முடிவு செய்வதைவிடக் கோலையே கேட்பது மேல். மெல்லிய ரப்பர் குழாயைச் சிறு சிறு வளையங்களாக நறுக்கி, அவற்றால் எல்லாவற்றையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். நரம்பைக் கோத்து நுனியில் எடை தொங்கவிட்டு, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். நரம்பு தண்டின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்காவது வளைவைக் குறுக்கே வெட்டினால் அங்கே வளையங்களை நெருக்க வேண்டும்.

ரீல் மேற்பக்கம் நிற்கும் கோல்களில் வளையங்களைச் சுருளாக வைக்கும் முறை கயாக்குக்கு மிகவும் உதவுகிறது. முதல் வளையம் மேலே இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வளையங்கள் படிப்படியாகப் பக்கவாட்டில் திரும்பும். மீதியெல்லாம் தண்டின் கீழ்ப்பக்கம் அமையும். பளு கீழிருந்து இழுப்பதால் கோல் கையில் முறுக்கிக்கொள்ளாது. ஒரு கையில் துடுப்பும் மறு கையில் கோலுமாக இருப்பவருக்கு இந்த நிம்மதி பெரிது. இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

நூல் கட்டு

கட்டுவதற்கு இயந்திரம் வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டியின் இரு பக்கங்களிலும் ஆங்கில வி எழுத்துபோல் வெட்டித் தண்டைக் கிடத்தலாம். நூற்கண்டைக் கோப்பையில் போட்டு, நூலைக் கனமான புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே இழுத்து வந்தால் தேவையான இறுக்கம் கிடைக்கும். இறுக்கத்தைக் கூட்ட வேண்டுமானால் மேலே இன்னொரு புத்தகம் வைத்தால் போதும்.

முதலில் வளையத்தின் பாதத்தை அரத்தால் கத்திமுனைபோல் சரிக்க வேண்டும். அப்போதுதான் நூல் தண்டிலிருந்து பாதத்தின் மேல் இடைவெளி விடாமல் ஏறும். அடிப்பக்கத்துப் பிசிறுகளையும் எடுத்துவிட வேண்டும். நூலைத் தண்டில் ஒரு சுற்று சுற்றி, அதன் முனையின் மேலேயே குறுக்கே ஓட்டி நாலைந்து சுற்றில் பூட்டியபின் முனையை நறுக்கிவிடலாம். பிறகு இடக்கையால் தண்டை உருட்ட உருட்ட, வலக்கைக் கட்டைவிரல் நகம் ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு சேர்த்துத் தள்ளும். முடிய ஆறேழு சுற்று இருக்கும்போது ஒரு தங்கூசித் துண்டை மடித்துக் கண்ணியாக வைத்து, அதன் மேல் கட்ட வேண்டும். நூலை அறுத்து, முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணியை இழுத்தால் முனை கட்டுக்கடியில் போய் மறைந்துவிடும். கட்டு முடிந்தபின்னும் கட்டைவிரலால் அழுத்தினால் வளையம் மயிரிழை நகர வேண்டும். அசையவே இல்லையென்றால் இறுக்கம் மிகுதி. பாதம் தண்டை நசுக்கும்.

நுனி வளையத்தை எப்பாக்சியால் ஒட்டக்கூடாது. சூட்டில் இளகும் பசைக்குச்சிதான் சரி. கயாக் கோலில் முதலில் சேதமாவது நுனி வளையம்தான். லேசாகச் சூடேற்றினால் அது கழன்று வரும்; புதியதை ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம்.

பூச்சு

கட்டுகளின் மேல் இரு பகுதி எப்பாக்சி பூச வேண்டும். இரண்டையும் ஊசிக்குழலால் சரிசமமாக அளப்பது கட்டாயம். கண்ணளவில் ஊற்றினால் பூச்சு நாட்கணக்கில் பிசுபிசுக்கும். குமிழி வராமல் மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்பினால் குமிழிகள் உடைந்துவிடும். சூடு பரவிவிடுவதால் கலவையும் சற்று நேரம் கூடுதலாக இளகியிருக்கும். கையில் களிம்பு தடவியிருந்தால் தண்டைத் தொடக்கூடாது. களிம்பிலுள்ள சிலிக்கோன் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாமல் விலகும்.

பூசியபின் கோல் சில மணி நேரம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சு கீழ்ப்பக்கம் தொங்கிவிடும். வாட்டும் அடுப்பில் இறைச்சியைச் சுழற்றும் பழைய மோட்டார் இதற்குப் போதும். அதுவும் இல்லாதவர் முதல் சில மணி நேரம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையால் திருப்பிவிட வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினால் மேற்பரப்பு மங்கும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வரும். முழுமையாக இறுகச் சில நாட்கள் விட்டபின்தான் கோலை வளைத்துப் பார்க்க வேண்டும்.

பயனும் பராமரிப்பும்

முதல் சோதனை வீட்டிலேயே நடக்கலாம். நாற்காலியில் லைஃப் ஜாக்கெட்டோடு கால் நீட்டி அமர்ந்து, வீசுவதுபோல் கோலை இருபுறமும் ஓட்டிப் பார்த்தால் அடிப்பிடி எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து ஆழமில்லாத நீரில் கோலைப் போட்டு, மிதவைக் கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வந்தபின்னும் நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்பைப் பிரித்து உலர்த்த வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு உள்வளையத்திலும் பஞ்சை உருவிப் பார்க்க வேண்டும். இழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்த ஒரு வளையத்தை மட்டும் உரித்து மாற்றிவிடலாம். தானே கட்டியவருக்கு ஒவ்வொரு கட்டின் ஆரம்பமும் முடிவும் தெரியும் என்பதால் பழுதுபார்ப்பது அரைமணி நேர வேலைதான்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்கள் மூன்று: உள்வளையம், எப்பாக்சி, ரீல் சீட்டின் இடைநிரப்பு. மீதியெல்லாம் உடைந்த கோலிலிருந்தும் அட்டைப்பெட்டியிலிருந்தும் வரலாம்.